ஏலச்சீட்டு கான்ட்ராக்டை லேப்டாப்பிலேயே ஓட்டிப் பார்ப்பது: என் மெஷினில் ஓடினால் அசல் செயினிலும் ஓடுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். இறுதியாண்டு புராஜெக்டுக்காக 20 பேர், 20 மாதம், மாதம் ஆளுக்கு 5,000 டோக்கன் என்று ஓர் ஏலச்சீட்டை ஸ்மார்ட் கான்ட்ராக்டாக, அதாவது பிளாக்செயினில் தானே ஓடும் புரோகிராமாக, எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். டிரஃபிள், கனாஷ் என்ற டூல்கள் இரண்டையும் வைத்து யாரோ எடுத்த பழைய வீடியோவைப் பார்த்து ஆரம்பித்தீர்கள். பாதி வழியில் இன்ஸ்டாலே தகராறு செய்கிறது. எப்படியோ ஓட வைத்தால் பிரவுசர் வாலட்டான மெட்டாமாஸ்க் ‘நான்ஸ் டூ ஹை’ என்று சொல்லிவிட்டு நிற்கிறது. இருப்பது 8 ஜிபி ரேம் உள்ள விண்டோஸ் லேப்டாப். ஈத்தீரியத்தின் நாணயமான ஈதர் வாங்கக் காசு கிடையாது. எந்த டூலை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆனால் உங்கள் பதிவின் கடைசி வரியைத்தான் உண்மையான கேள்வியாக எடுத்துக்கொள்கிறேன்: “இங்கே ஓடினால் அசல் செயினிலும் ஓடும் என்று நம்பலாமா?” டூல் எது என்பதற்கு ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம். இந்தக் கடைசி வரிக்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். பலர் இதைக் கேட்காமலேயே வேலையை முடித்துவிடுகிறார்கள்.

ஏழெட்டு வருடமாக ஈத்தீரியம் வகைச் செயின்களில் கான்ட்ராக்ட் எழுதுவதும் அடுத்தவர் எழுதியதைச் சரிபார்ப்பதும்தான் என் வேலை. நான் சொல்வதெல்லாம் அந்த வகைக்கு மட்டும்தான் பொருந்தும். சோலானாவுக்குத் தனியாக ஒரு டெஸ்ட் வேலிடேட்டர் இருக்கிறது. அங்கே கணக்கு வைத்துக்கொள்ளும் முறையே வேறு என்பதால் இந்தப் பதிலை அப்படியே அங்கே கொண்டுபோகாதீர்கள். கட்டளைப் பெயர்களை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். சரியான எழுத்துக்கூட்டலை அந்தந்த டூலின் ஆவணத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

டூல் விஷயம். டிரஃபிளையும் கனாஷையும் விட்டுவிடுங்கள். இரண்டையும் மூடப்போவதாக கான்சென்சிஸ் நிறுவனம் 2023 செப்டம்பரில் அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் அவற்றின் கிட்ஹப் பக்கங்கள் ஆவணக் காப்பாக மாறிவிட்டன. ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸின் புதிய பதிப்போடு அவை மோதுவதை இனி யாரும் சரிசெய்யப் போவதில்லை. அந்தப் பிழையோடு மல்லுக்கட்டுவதில் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. இன்று நடைமுறையில் இருப்பவை இரண்டு. ஒன்று ஹார்ட்ஹாட். 2020 வரை பில்ட்லர் என்ற பெயரில் இருந்தது, நோமிக் ஃபவுண்டேஷன் பராமரிக்கிறது. மற்றது ஃபவுண்ட்ரி. ரஸ்ட்டில் எழுதப்பட்டது. டெஸ்ட் ஓட்ட ஃபோர்ஜ், செயினோடு பேச காஸ்ட், உங்கள் மெஷினிலேயே ஓடும் உள்ளூர் செயினுக்கு ஆன்வில் என்று தனித்தனிக் கருவிகள் அதில் உண்டு. விண்டோஸில் ஹார்ட்ஹாட் நோட் ஜேஎஸ் மட்டும் இருந்தால் ஓடிவிடும். ஃபவுண்ட்ரியை விண்டோஸில் போடுவதென்றால் டபிள்யூஎஸ்எல்லுக்குள், அதாவது விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸுக்குள், போடுவதுதான் நிம்மதி. ஆனால் 8 ஜிபி ரேமில் பிரவுசர், எடிட்டர், டபிள்யூஎஸ்எல் மூன்றும் சேர்ந்தால் மெஷின் திணறும். அதனால் ஹார்ட்ஹாட்டில் ஆரம்பியுங்கள் என்பது என் கருத்து. ஃபவுண்ட்ரியே வேகமானது என்று வாதிடுபவர்கள் நிறைய, அதிலும் நியாயம் இருக்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். 2025-இல் ஹார்ட்ஹாட் 3 வந்துவிட்டது, அதற்கு நோட் ஜேஎஸ் 22 அல்லது அதற்கு மேல் வேண்டும். ஹார்ட்ஹாட் 2-க்கு எழுதிய கான்ஃபிக் ஃபைல் இதில் அப்படியே ஓடாது. வீடியோ பார்ப்பதாக இருந்தால் எந்தப் பதிப்புக்கு எடுத்தது என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் டிரஃபிளில் பட்ட பாட்டையே மறுபடியும் படுவீர்கள்.

‘பிளாக்செயினை டவுன்லோடு செய்ய இடம் போதுமா’ என்றும் பதற்றத்தோடு கேட்டிருக்கிறீர்கள். டவுன்லோடு எதுவும் கிடையாது. அசல் ஈத்தீரியத்துக்கு முழு நோட் (செயினின் முழுப் பிரதியை வைத்திருக்கும் கணினி) ஓட்டுவதென்றால் 2 டிபி எஸ்எஸ்டி வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். இது அப்படிப்பட்டது இல்லை. உள்ளூர் செயின் பூஜ்யமாவது பிளாக்கிலிருந்து உங்கள் மெமரிக்குள்ளேயே பிறக்கிறது, டெர்மினலை மூடியதும் போய்விடுகிறது. ஆன்வில்லில் ஸ்டேட் என்ற ஆப்ஷனைக் கொடுத்தால் நிலவரத்தை ஒரு ஃபைலில் எழுதி வைத்து அடுத்த முறை அங்கிருந்தே தொடரும். புராஜெக்ட் டெமோ அன்றைக்கு அது கைகொடுக்கும்.

‘ஹார்ட்ஹாட் நோட்’ என்று அடித்து என்டர் தட்டியதும் திரையில் வருவதை அவசரப்படாமல் பாருங்கள். 127.0.0.1, போர்ட் 8545 என்று ஒரு முகவரி. அதற்குக் கீழே வரிசையாக 20 கணக்குகள், ஒவ்வொன்றிலும் 10,000 ஈதர், ஒவ்வொன்றுக்கும் கீழேயே அதன் பிரைவேட் கீ, அதாவது அந்தக் கணக்கை இயக்கும் ரகசியச் சாவி. கூடவே ஓர் எச்சரிக்கை: இந்தக் கணக்குகளும் கீகளும் ஊருக்கே தெரிந்தவை, அசல் நெட்வொர்க்கில் இவற்றுக்கு அனுப்பும் பணம் தொலைந்துவிடும். இது சம்பிரதாயத்துக்காகப் போட்ட வரி என்று நினைத்துவிடாதீர்கள். ‘டெஸ்ட்’ என்ற சொல்லைப் பதினோரு முறை எழுதி ‘ஜங்க்’ என்று முடிக்கும் பன்னிரண்டு சொல் தொடரிலிருந்துதான் இந்தக் கீகள் வருகின்றன. உலகம் முழுக்க எல்லா மெஷினிலும் அதே கீகள்தான், ஆன்வில்லும் அதே தொடரைத்தான் எடுத்துக்கொள்கிறது. அசல் செயினில் இந்த முகவரிகளை பாட்கள் (தானியங்கி புரோகிராம்கள்) கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. தவறிப்போய் ஒரு ரூபாய் மதிப்புள்ள ஈதர் போனாலும் போன வேகத்தில் உருவிவிடும். அதனால் மெட்டாமாஸ்க்கை இந்த வேலைக்கென்றே தனி பிரவுசர் புரொஃபைலில் போடுங்கள். பின்னால் சொந்தப் பணம் வைக்கப்போகும் வாலட்டும் இதுவும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது.

உங்கள் சீட்டுக்கு ஒரு சின்ன விஷயம். 20 கணக்கு இருக்கிறது, 20 உறுப்பினர், கச்சிதம் என்று தோன்றும். ஆனால் சீட்டு பிடிப்பவர் தனி ஆள் இல்லையா? கான்ட்ராக்டை டிப்ளாய் செய்யும், அதாவது செயினில் ஏற்றும், முதல் கணக்கு அவருடையது. அப்படிப் பார்த்தால் 21 வேண்டும். கான்ஃபிக்கில் கணக்கு எண்ணிக்கையை 25 என்று மாற்றி வையுங்கள். அந்த மிச்சத்தில் ஒன்று, சீட்டில் சேராத வெளியாள் ஏலம் கேட்டால் கான்ட்ராக்ட் மறுக்கிறதா என்று பார்க்க உதவும். ஆன்வில்லில் வழக்கமாக 10 கணக்குதான் வரும், அங்கேயும் இப்படிக் கூட்டிக்கொள்ளலாம்.

இப்போது உங்கள் மெட்டாமாஸ்க் பிழைக்கு வருகிறேன். ஒவ்வொரு கணக்கும் இதுவரை அனுப்பிய பரிவர்த்தனைகளின் எண்ணிக்கைதான் நான்ஸ். நீங்கள் உள்ளூர் செயினை நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டும்போது செயின் எல்லாவற்றையும் மறந்துவிட்டு பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்குகிறது. மெட்டாமாஸ்க் மறப்பதில்லை. ‘இந்தக் கணக்கு ஏற்கெனவே 14 அனுப்பிவிட்டது’ என்று அது நினைத்துக்கொண்டிருக்க, செயின் ‘எனக்கு பூஜ்யம்தான் வேண்டும்’ என்கிறது. மெட்டாமாஸ்க் செட்டிங்ஸில் அட்வான்ஸ்ட் பகுதிக்குப் போய் ஆக்டிவிட்டி விவரங்களை அழித்துவிட்டால் சரியாகிவிடும். பணமோ கீயோ எதுவும் போகாது. இதே குடும்பத்தில் இன்னொரு பிழை உண்டு: ‘பிளாக் 87 என்று கேட்கிறாய், கடைசி பிளாக்கே பூஜ்யம்தான்’ என்ற பொருளில் வரும். அதற்கும் காரணம் இந்தப் பழைய ஞாபகம்தான். வேறு நெட்வொர்க்குக்கு மாறித் திரும்புங்கள், அப்படியும் போகாவிட்டால் பிரவுசரை மூடித் திறங்கள். நெட்வொர்க் சேர்க்கும்போது செயின் ஐடி 31337. வீடியோவில் 1337 என்று பார்த்திருப்பீர்கள், அது கனாஷ் காலத்து எண். உங்கள் ஸ்கிரிப்டில் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று எழுதாமல் 127.0.0.1 என்றே எழுதுங்கள். நோட் ஜேஎஸ் 17-இலிருந்து அந்தப் பெயர் சில மெஷின்களில் ஐபிவி6 முகவரிக்குப் போய், செயின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்று வருவது வழக்கம்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அடுத்த வாரம் இதில்தான் மாட்டுவீர்கள். கான்ட்ராக்டின் முகவரி, டிப்ளாய் செய்த கணக்கையும் அந்த நேரத்து நான்ஸையும் வைத்து வருவது. அதனால் செயினைப் புதிதாக ஓட்டி அதே வரிசையில் டிப்ளாய் செய்தால் அதே முகவரிகள் வரும், ஃபிரன்ட் எண்டில் எழுதி வைத்தது வேலை செய்துகொண்டே இருக்கும். ஒருநாள் டோக்கன் கான்ட்ராக்டுக்கு முன்னால் வேறு ஏதாவது ஒன்றை டிப்ளாய் செய்வீர்கள், எல்லா முகவரியும் ஒரு படி நகர்ந்துவிடும். அப்போது ஃபிரன்ட் எண்டிலிருந்து செயினோடு பேசும் ஈத்தர்ஸ் லைப்ரரி, வந்த விடையைப் படிக்க முடியவில்லை, மதிப்பு ‘0எக்ஸ்’ என்று சொல்லும். கான்ட்ராக்ட் தப்போ என்று தேடாதீர்கள். அந்த முகவரியில் கோடே இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். டிப்ளாய் ஸ்கிரிப்டே முகவரிகளை ஒரு ஜேசன் ஃபைலில் எழுதி, ஃபிரன்ட் எண்டு அதைப் படிப்பதுபோல் இன்றைக்கே செய்துவிடுங்கள்.

உள்ளூர் செயினின் பெரிய பலம் உங்கள் புராஜெக்டுக்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. நேரத்தைத் தள்ளலாம். 20 மாதச் சீட்டை அசல் நேரத்தில் சோதித்தால் நீங்கள் படிப்பை முடித்து வேலைக்கே போய்விடுவீர்கள். இங்கே ‘ஈவிஎம் இன்க்ரீஸ்டைம்’ என்ற அழைப்பில் 30 நாளை நொடிகளாக, 25,92,000 என்று கொடுத்து, அடுத்து ‘ஈவிஎம் மைன்’ என்று ஒரு பிளாக் வெட்டினால் அடுத்த மாதம் வந்துவிடும். அந்த இரண்டாவது அழைப்பைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நேரத்தைத் தள்ளினாலும் புது பிளாக் ஒன்று பிறக்கும்வரை கடைசி பிளாக்கின் நேரம் பழையதுதான். அதே மாதிரி நேரத்தை முன்னே தள்ளலாமே தவிர, பின்னே இழுக்க முடியாது. ஒவ்வொரு டெஸ்டுக்கும் முன்னால் செயின் நிலவரத்தை ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து, முடிந்ததும் அதற்குத் திரும்புங்கள். ஒரு ஸ்னாப்ஷாட் ஒருமுறை திரும்புவதற்குத்தான் செல்லும், அடுத்ததற்குப் புதிதாக எடுக்க வேண்டும். கான்ட்ராக்டுக்குள்ளேயே கன்சோல் லாக் எழுதி, எந்த வரியில் எவ்வளவு தொகை நிற்கிறது என்று டெர்மினலில் பார்க்கும் வசதியையும் தயங்காமல் பயன்படுத்துங்கள்.

சரி, நம்பலாமா? உறுதியாகச் சொல்லக்கூடியது இது. கான்ட்ராக்டின் கணக்கும் தர்க்கமும் இங்கே எப்படி ஓடுகிறதோ அசலிலும் அப்படியே ஓடும், கம்பைலர் பதிப்பும் அதன் அமைப்புகளும் ஈவிஎம் (கான்ட்ராக்டை ஓட்டும் ஈத்தீரிய எந்திரம்) பதிப்பும் ஒன்றாக இருக்கும்வரை. கான்ட்ராக்ட் எழுதும் மொழியான சொலிடிட்டியில் 0.8-இலிருந்து எண் தன் அளவைத் தாண்டி வழிந்தால் பரிவர்த்தனை ரத்தாகும், இங்கேயும் அங்கேயும் அப்படித்தான். 24,576 பைட்டைத் தாண்டிய கான்ட்ராக்டை இரண்டு இடமும் ஏற்காது. இங்கே அந்த வரம்பைத் தளர்த்தும் ஆப்ஷன் இருக்கிறது, தயவுசெய்து தொடாதீர்கள். ஒரு ஃபங்ஷன் எத்தனை யூனிட் கேஸ் (வேலைக்கேற்ற கட்டண அளவு) தின்கிறது என்று இங்கே வரும் எண்ணும் நம்பகமானதுதான்.

நம்ப முடியாததெல்லாம் கான்ட்ராக்டுக்கு வெளியே இருக்கிறது. உள்ளூர் செயின் ரொம்ப ஒழுக்கமானது. நீங்கள் அனுப்பிய பரிவர்த்தனையை அந்தக் கணமே எடுத்து, அதற்கென்று தனியாக ஒரு பிளாக் வெட்டிக் கொடுத்துவிடுகிறது. வரிசை கிடையாது, காத்திருப்பு கிடையாது, பக்கத்தில் எட்டிப் பார்ப்பவரும் கிடையாது. ஏலச்சீட்டை இந்தச் சூழலில் மட்டும் சோதிப்பது, ஒரே ஒருவர் வந்திருக்கும் ஏலக் கூட்டத்தை நடத்திப் பார்ப்பது போன்றது.

அசல் ஈத்தீரியத்தில் 12 நொடிக்கு ஒரு பிளாக், சில சமயம் ஒன்று தவறி 24 நொடியும் ஆகும். ஏலம் 6 மணிக்கு முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 மணி 59 நிமிடம் 55-ஆவது நொடியில் ஒருவர் 15,500 தள்ளிக் கேட்கிறார். அவர் நேரத்துக்குள்தான் கேட்டார். ஆனால் அது ஏறிய பிளாக்கின் நேரம் 6 மணி கடந்து நிற்கலாம், கான்ட்ராக்ட் மறுத்துவிடும். அதோடு அவர் கேட்ட தொகை பிளாக்கில் ஏறுவதற்கு முன்பே பொதுக் காத்திருப்புப் பட்டியலில் எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. அதைப் பார்த்துவிட்டு இன்னொருவர் 15,501 என்று போட்டு பிளாக் கட்டுபவருக்கான டிப்பைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் அவருடையது முன்னால் போய்விடும். முதலாமவரின் பரிவர்த்தனை தோற்கும், தோற்றாலும் அதற்கான கேஸ் கட்டணம் போனது போனதுதான். உங்கள் கான்ட்ராக்டில் பிழையே இல்லாமல் இதெல்லாம் நடக்கும். இங்கே உங்கள் டெஸ்ட் எல்லாம் பச்சையாகத்தான் இருக்கும்.

ஆகவே செயினின் அந்த ஒழுக்கத்தை வேண்டுமென்றே கெடுக்க வேண்டும். பரிவர்த்தனை வந்ததுமே பிளாக் வெட்டும் ஆட்டோமைனிங்கை நிறுத்துங்கள். மூன்று உறுப்பினர் கணக்குகளிலிருந்து வெவ்வேறு டிப்போடு மூன்று ஏலத் தொகைகளை அனுப்புங்கள். மூன்றும் காத்திருக்கும். பிறகு கையால் ஒரே ஒரு பிளாக் வெட்டுங்கள். டிப் அதிகம் கொடுத்தவர் முன்னால் ஏறியிருப்பதை நீங்களே பார்ப்பீர்கள். ஃபிரன்ட் எண்டைச் சோதிக்கும்போது 12 நொடிக்கு ஒரு பிளாக் என்று இடைவெளி வைத்து ஓட்டுங்கள். ‘ஏலம் கேள்’ பட்டனை அழுத்திவிட்டு 12 நொடி எதுவும் நடக்காமல் இருப்பதைப் பார்த்தால்தான், பயனர் இரண்டாம் முறை அழுத்துவாரே, அந்தப் பட்டனை முடக்க வேண்டுமே என்று உங்களுக்கே உறைக்கும். அடுத்தவர் தொகையைப் பார்த்து முந்திக்கொள்ளும் தந்திரத்துக்கு வழக்கமான மருந்து, முதலில் தொகையின் ஹாஷை (தொகையைக் காட்டாமல் அதற்கு முத்திரையாக நிற்கும் எண்) மட்டும் போட்டு, பிறகு எல்லாரும் தொகையைத் திறந்து காட்டும் இரண்டு கட்ட முறை. புராஜெக்டில் இதைச் செய்துகாட்டினால் மற்றதெல்லாம் எளிமையாக இருந்தாலும் பரவாயில்லை.

இரண்டாவது, உறுப்பினர்கள். உள்ளூர் செயின் தரும் 20 பேரும் சொன்னபடி கேட்கும் பிள்ளைகள். ஈதரோ டோக்கனோ அனுப்பினால் வாங்கிக்கொள்வார்கள். நீங்கள் போட்டிருக்கும் கோடில் தள்ளுத் தொகையை ஒரு லூப்பில் எல்லாருக்கும் நேரடியாக அனுப்புகிறீர்கள். அசலில் ஓர் உறுப்பினர் கான்ட்ராக்ட் வாலட்டாக இருந்து ஈதரை வாங்க மறுக்கலாம். யுஎஸ்டிசி என்ற டாலர் டோக்கனாக இருந்தால், அதை வெளியிடும் சர்க்கிள் நிறுவனம் ஒரு முகவரியைத் தடைப்பட்டியலில் வைக்க முடியும், அந்த முகவரிக்கு டோக்கன் போகாது. ஒருவருக்குப் போகாவிட்டால் லூப் முழுவதும் ரத்தாகிறது, மீதி 19 பேருக்கும் அந்த மாதம் கிடையாது. அதனால் பங்கை ஒவ்வொருவர் பெயரிலும் வரவு வைத்துவிட்டு, அவரவர் வந்து எடுத்துக்கொள்ளும்படி மாற்றுங்கள். இதைச் சோதிக்க, எது வந்தாலும் மறுக்கும் நாலு வரிக் கான்ட்ராக்ட் ஒன்றை எழுதி, அதை இருபதாவது உறுப்பினராகச் சேருங்கள். பணத்தை எடுக்கும்போதே மறுபடி உள்ளே நுழையும் இன்னொரு முரட்டு உறுப்பினரையும் எழுதுங்கள். 2016 ஜூனில் தி டாவோ என்ற ஈத்தீரிய முதலீட்டு நிதியிலிருந்து 36 லட்சம் ஈதரை உருவியது அந்த ஓட்டை வழியாகத்தான்.

டோக்கனும் இப்படித்தான். நீங்கள் உள்ளூரில் டிப்ளாய் செய்யும் மாதிரி டோக்கனுக்கு 18 தசம இடம், அனுப்பினால் ‘சரி’ என்று விடை தரும். யுஎஸ்டிசிக்கு 6 இடம்தான். ஈத்தீரியத்திலுள்ள யுஎஸ்டிடி என்ற இன்னொரு டாலர் டோக்கன் அனுப்பிய பிறகு விடையே தராது, விடையை எதிர்பார்த்து எழுதிய கோடு அங்கே விழுந்துவிடும். ஓப்பன்செப்பலின் என்ற கான்ட்ராக்ட் லைப்ரரியின் சேஃப்இஆர்சி20 இதற்காகத்தான் இருக்கிறது. 6 தசம இடத்தில் உங்கள் கணக்கையே போட்டுப் பாருங்கள். மொத்தம் 1 லட்சம். 17,000 தள்ளி ஒருவர் எடுக்கிறார். சீட்டு பிடிப்பவருக்கு 5 சதவீதம், 5,000. மீதி 12,000 எடுத்தவரைத் தவிர்த்த 19 பேருக்கு. ஆளுக்கு 631.578947, பத்தொன்பதால் பெருக்கினால் 11,999.999993. 0.000007 கான்ட்ராக்டிலேயே தங்கிவிடுகிறது. தொகை ஒன்றுமில்லைதான். ஆனால் ‘இருபதாம் மாத முடிவில் இருப்பு பூஜ்யம்’ என்று நீங்கள் எழுதியிருக்கும் டெஸ்ட் விழும், ஏன் என்று தெரியாமல் ஒரு ராத்திரி போகும். மிச்சம் யாருக்கு என்று விதியிலேயே எழுதுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் இந்தத் தொகைகளைச் சாதாரண எண்ணாக வைக்காமல் பெரிய முழு எண்களுக்கான பிக்இன்ட்டாக வையுங்கள்.

மாதிரி டோக்கனை விட்டு அசலோடு மோதிப் பார்க்க ஒரு வழி உண்டு, ஃபோர்க். செயினோடு இணைப்புத் தரும் அல்கெமி, இன்ஃபூரா போன்ற இடங்களில் இலவசக் கணக்கு ஒன்று எடுத்து அவர்கள் தரும் இணைப்பு முகவரியைக் கொடுத்தால், அசல் செயினின் நிலவரத்தைத் தேவைப்படும் துண்டாக மட்டும் இழுத்து உங்கள் மெஷினில் தொடரும். உண்மையான யுஎஸ்டிசி கான்ட்ராக்டையே அழைக்கலாம், டோக்கன் நிறைய வைத்திருக்கும் முகவரியின் வேஷத்தைப் போட்டு உங்கள் 20 பேருக்கும் அனுப்பலாம். எதுவும் அசலில் நடக்காது. பிளாக் எண்ணை நிரந்தரமாகக் குறிப்பிடுங்கள். அப்போதுதான் நேற்று ஓடிய டெஸ்ட் இன்றும் அதே மாதிரி ஓடும், இழுத்ததைச் சேமித்தும் வைத்துக்கொள்ளும். ஒரே ஓர் ஆபத்து. ஹார்ட்ஹாட் ஃபோர்க்கிலும் செயின் ஐடியை 31337 என்றே வைத்திருக்கும். ஆன்வில் நாம் சொல்லாவிட்டால் அசலின் ஐடியையே, அதாவது 1 என்று, எடுத்துக்கொள்ளும். ஒரு கையெழுத்து எந்தச் செயினுக்கு என்று பிரித்துக் காட்டுவதே அந்த ஐடிதான். ஃபோர்க்கில் ஐடி 1 வைத்து, சொந்தக் கீயால் கையெழுத்திட்ட பரிவர்த்தனை அசலிலும் செல்லும். ஆன்வில்லுக்கு மாறினால் செயின் ஐடியைக் கட்டாயம் கையால் கொடுங்கள்.

‘ஈவிஎம் பதிப்பு ஒன்றாக இருக்கும்வரை’ என்று மேலே சொன்னேனே, அது எனக்கு அரை நாள் கொடுத்துக் கிடைத்த பாடம். நான் முன்பு இருந்த ஒரு குழுவில் கம்பைலரை 0.8.20-க்கு ஏற்றினோம். உள்ளூரில் 140 டெஸ்டும் தேறின. நாங்கள் டிப்ளாய் செய்ய வேண்டிய செயின் ஈத்தீரியம் வகைதான், ஆனால் 2023 ஏப்ரலில் ஈத்தீரியத்தில் வந்த ஷாங்காய் மேம்படுத்தலை அன்றைக்கு அது இன்னும் ஏற்கவில்லை. 0.8.20-லிருந்து கம்பைலர் வழக்கமாகவே ஷாங்காயில் வந்த புஷ்0 என்ற கட்டளையைப் போட்டுவிடும். அந்தச் செயினுக்கு அது தெரியாத சொல். ‘இன்வாலிட் ஆப்கோடு’ என்று மட்டும் வந்தது, எந்த வரி என்றும் காட்டவில்லை. எங்கள் கான்ட்ராக்டைத்தான் மாறி மாறிச் சந்தேகப்பட்டோம். கடைசியில் கான்ஃபிக்கில் ஈவிஎம் பதிப்பை, ஷாங்காய்க்கு முந்தைய பாரிஸ் என்று எழுதிய ஒரு சொல்லில் தீர்ந்தது. அன்றிலிருந்து கம்பைலர் பதிப்பு, ஈவிஎம் பதிப்பு, ஆப்டிமைசர் மூன்றையும் முதல் நாளே எழுதி வைத்துவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடுகிறேன். நீங்களும் பேக்கேஜ் லாக் ஃபைலை கிட்டில் சேருங்கள். பிரைவேட் கீ உள்ள ‘டாட் ஈஎன்வி’ ஃபைலை முதல் கமிட்டுக்கு முன்பே கிட்இக்னோரில் போடுங்கள். ஒருமுறை ஏறிவிட்டால் பிறகு அழித்தாலும் பழைய கமிட்டில் இருக்கும்.

உள்ளூரில் உட்கார்ந்துகொண்டு கணிக்கவே முடியாதவையும் உண்டு. கேஸ் யூனிட் தெரியும், அன்றைய விலை தெரியாது. ஆர்பிட்ரம், பேஸ் போன்ற இரண்டாம் அடுக்குச் செயின்களில் தரவை ஈத்தீரியத்தில் பதிக்கும் செலவும் சேரும், இங்கே அது தெரியவே தெரியாது. அல்கெமி போன்ற இலவச ஆர்பிசி (செயின் இணைப்பு) சேவைகள் நிமிடத்துக்கு எத்தனை அழைப்பு என்று கட்டுப்படுத்தும். உங்கள் ஃபிரன்ட் எண்டு நொடிக்கு நொடி 20 உறுப்பினரின் இருப்பைக் கேட்டால் இங்கே சளைக்காமல் பதில் வரும், அங்கே மறுக்கும். இதையெல்லாம் டெஸ்ட்நெட் என்ற பொதுச் சோதனைச் செயினில்தான் பார்க்க வேண்டும். வீடியோக்களில் வரும் ராப்ஸ்டன், ரிங்க்பி, கோவன், கோர்லி எல்லாம் மூடியாகிவிட்டது. இன்று செயலி எழுதுபவர்களுக்கு செபோலியா. அதற்கு ஃபாசெட் என்ற விநியோகத் தளங்களில் சோதனை ஈதர் இலவசமாகக் கிடைக்கும், சில ஃபாசெட்கள் அசல் செயினில் கொஞ்சம் இருப்பு இருக்கிறதா என்று பார்க்கும், அப்படிக் கேட்காததைத் தேடிப் பிடியுங்கள். அங்கே நேரத்தைத் தள்ள முடியாது. ஆகவே தவணை நீளத்தை 30 நாள் என்று கோடில் பதித்து விடாமல் டிப்ளாய் செய்யும்போது கொடுக்கும் எண்ணாக வைத்து, செபோலியாவில் தவணைக்குப் பத்து நிமிடம் என்று கொடுங்கள். நண்பர்கள் மூன்று பேரை அவரவர் போனிலிருந்து ஏலம் கேட்கச் சொல்லுங்கள். உங்கள் 20 கணக்கும் செய்யாத ஏதாவது ஒன்றை அவர்கள் முதல் தவணையிலேயே செய்துவிடுவார்கள்.

நேர்முகத் தேர்வில் யாராவது ‘இதை நிஜமாக நடத்தலாமா’ என்று கேட்டால், உண்மையான பணத்தில் சீட்டு நடத்துவது 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டத்துக்குள் வருகிறது, பதிவு வேண்டும் என்று சொல்லுங்கள். நடத்துபவரின் கமிஷனுக்கும் அதில் உச்சவரம்பு இருக்கிறது, 5 சதவீதமாக இருந்ததை 2019 திருத்தம் 7 ஆக்கியது. கான்ட்ராக்டிலும் அந்த வரம்பை ஒரு நிபந்தனையாக எழுதிவிடுங்கள், அதற்கு ஒரு டெஸ்டும். பங்கு பிரிக்கும் ஃபங்ஷனை மாற்றி எழுதியதும் அதை மட்டும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.